பதினாலா... நாற்பதா?

எங்கள் உத்திரமேரூரில் டியூஷன் என்பது அம்மை போடுகிற மாதிரி. எந்தப் பிள்ளையாக இருந்தாலும் ஒருமுறை வந்தே தீரும். பத்தாவதில் கணக்கு, பன்னிரண்டாவதில் பிசிக்ஸ். பஸ் ஸ்டாண்டில் தெரிந்தவர்கள் மடக்கினால், "பையன் யார்கிட்ட டியூஷன் போறான்?" என்பதுதான் முதல் கேள்வி. எந்த ஸ்கூல் என்பதெல்லாம் அப்புறம்!

அந்த ஊர்ப் பழக்கத்தை நான் பெய்ஜிங் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனேன். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சீனமொழி படித்துக்கொண்டே, வெளியில் காசு கொடுத்து டியூஷனும் போனேன். 'இது என்னய்யா அநியாயம், சீன மண்ணிலேயே இருந்துகொண்டு சீனமொழிக்கு டியூஷனா? திருப்பதியில் இருந்துகொண்டு லட்டுக்கு மணி ஆர்டர் பண்ணுகிற கதையாக இருக்கிறதே!' என்று நீங்கள் நினைக்கலாம். என் அம்மாவும் அதைத்தான் நினைத்தாள். விஷயத்தைச் சொல்கிறேன், பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் உத்தியோகம். பர்ச்சேஸ் செக்‌ஷன். ஸ்பிரிங், ஸ்விட்ச், ஒயர் கனெக்டர் என்று பாதிச் சாமான் சீனாவிலிருந்து வரும். ஈ-மெயில் எல்லாம் ஒருமாதிரி இங்கிலீஷில் ஓடிவிடும். ஆனால் அவசரம் என்று வந்தால் போன்தான். போனில் அந்தப் பக்கம் சீனம், இந்தப் பக்கம் முழி.

2018-ல் மானேஜர் கூப்பிட்டார். "ஒரு வருஷம் சம்பளம் இல்லாத லீவு தர்றேன். போய் சைனீஸ் படிச்சுட்டு வாப்பா. போன்ல தைரியமா பேசுற அளவுக்கு வந்தா சைனா பர்ச்சேஸ் முழுக்க உன்கிட்ட. இல்லேன்னா இதே சீட்டு, இதே ஃபைலு."

அம்மாவின் ரெட்டைவடச் சங்கிலி பாங்குக்குப் போனது. நான் பெய்ஜிங்குக்குப் போனேன்.

ஹைதியன் என்று ஒரு பகுதி. தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் காம்பவுண்டு சுவரில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அதில் ஒன்றில் இடம். காலை 8 மணிக்கு வகுப்பு, 12 மணிக்கு விடுதலை. வாரத்துக்கு 20 பீரியடு. இலக்கணம், கேட்டல், பேசுதல், படித்தல் என்று தனித்தனியாக. டீச்சர்கள் எல்லாரும் தங்கமானவர்கள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

பிரச்னை டீச்சர் இல்லை சார், கணக்கு! பேசுகிற வகுப்பு 50 நிமிஷம். அதில் பாதி டீச்சர் பேச வேண்டும். மிச்சம் 25 நிமிஷம். வகுப்பில் கொரியா, ரஷ்யா, தாய்லாந்து, கஜகஸ்தான் என்று 20 பேர். ஆளுக்கு ஒன்றேகால் நிமிஷம். அந்த ஒன்றேகால் நிமிஷத்தில் எழுந்து நிற்பதற்கும் தொண்டையைக் கனைப்பதற்கும் கால் நிமிஷம் போய்விடும்.

சீனமொழியில் வாயைத் திறக்காமல் பரீட்சையே பாஸ் பண்ண அப்போது முடிந்தது என்பது இன்னொரு வேடிக்கை. எச்.எஸ்.கே. என்று அரசாங்கத் தேர்வு இருக்கிறது. 2019-ல் நான் எழுதியது 4-ம் நிலை. அப்போது அதற்கு 1,200 வார்த்தை தெரிந்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் கேட்டல், படித்தல், எழுதுதல் இந்த மூன்றுதான் இருந்தன. பேச்சுக்குத் தனியாக வேறு தேர்வு இருந்தது. ஆக, சர்டிபிகேட்டை கையில் வைத்துக்கொண்டு ஊமையாக ஊர் திரும்ப முடிந்தது!

சீனத்தில் பேச்சு என்பது தனி வித்தை. நம் மானேஜர்கள் "பார்க்கலாம்" என்று சொல்வதற்கு நாலு தொனி உண்டு, ஆனால் எந்தத் தொனியில் சொன்னாலும் வார்த்தை ஒன்றுதான் (அர்த்தமும் ஒன்றுதான், இன்கிரிமென்ட் கிடையாது!). சீனத்தில் தொனி மாறினால் வார்த்தையே மாறிவிடும். 'மாய்' என்று குரலைத் தாழ்த்தி இழுத்தால் வாங்குவது. அதே 'மாய்' என்பதை மேலிருந்து சட்டென்று இறக்கினால் விற்பது. பர்ச்சேஸ்காரனுக்கு இதைவிட ஆபத்தான வார்த்தை உலகத்தில் இருக்க முடியுமா?

இதில் தமிழனுக்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். லாபம், நம் 'ழ'. மனிதன் என்பதற்குச் சீனத்தில் கிட்டத்தட்ட 'ழென்'. ரஷ்யாக்காரர் நாக்கைச் சுருட்ட முடியாமல் தவிக்கும்போது நாம் கால் மேல் கால் போட்டு உட்காரலாம். நஷ்டம், நம் 'ப'. நமக்கு 'ப' ஒன்றுதான். அவர்களுக்குக் காற்று விடாமல் சொல்கிற ப ஒன்று, காற்றை ஊதிச் சொல்கிற ப இன்னொன்று. த, க எல்லாவற்றுக்கும் இதே கதை. வாய்க்கு நேராக ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஆடுகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். 20 பேர் வகுப்பில் யாருடைய காகிதத்தை டீச்சர் பார்ப்பார்?

முதலில் இலவசமாக வழி தேடினேன். (ஊர்ப் புத்தி!) 'யூபான்' என்று ஒரு ஏற்பாடு அங்கே பிரசித்தம். மொழித் துணை. நீ அரை மணி அவனோடு இங்கிலீஷ் பேசு, அவன் அரை மணி உன்னோடு சீனம் பேசுவான். எனக்குக் கிடைத்த பையன் நல்லவன். ஆனால் அவனுடைய இங்கிலீஷ் என் சீனத்தைவிட நன்றாக இருந்ததால், பேச்சு தானாகவே அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். அதோடு, நான் என்ன சொன்னாலும் "ரொம்ப நல்லாப் பேசறே!" என்று பாராட்டுவான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. 'ஒற்று எங்கே மிகும்?' என்று நம்மை ஒரு சீனாக்காரர் கேட்டால் நாம் மட்டும் என்ன கிழித்துவிடுவோம்?

ஆகவே டியூஷன். இரண்டாவது மாதத்தில் ஆரம்பித்தேன். வெளிநாட்டவருக்குச் சீனம் கற்பிப்பதையே எம்.ஏ.வாகப் படிக்கிற மாணவி. மணிக்கு 100 யுவான். அன்றைய ரேட்டில் யுவான் ஏறத்தாழ 10 ரூபாய். வாரம் இரண்டு மணி என்றால் மாதம் 8,000 ரூபாய்! சங்கிலி அடகில் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லிவிட முடியுமா? சொன்னேன்.

"இன்னாடா இது? காலேஜுக்குக் கட்டினது ஒரு பக்கம், டியூஷனுக்கு வேறயா? அங்க வாத்தியாருங்க ஒழுங்கா சொல்லித் தர்றதில்லையா?"

"நல்லாத்தாம்மா சொல்லித் தர்றாங்க. எனக்குப் பேசத்தான் டைம் கிடைக்கல."

"பேசறதுக்கா காசு? இங்க உங்க பெரியம்மாகிட்ட விட்டா காசு வாங்காம நாள் பூரா பேசுவாளே!"

ஆனாலும் அம்மா தடுக்கவில்லை. "சரி, குடுக்கிற காசுக்கு ஒழுங்கா வாங்கிக்க" என்றாள். டியூஷனைப் பற்றி நான் கேட்ட ஆலோசனைகளிலேயே மிகச் சிறந்தது அதுதான்.

லாவ்ஷி (டீச்சரை அப்படித்தான் கூப்பிட வேண்டும்) முதல் நாள் புத்தகத்தைத் தொடவே இல்லை. "உனக்கு எதற்காகச் சீனமொழி?" என்று கேட்டார். பர்ச்சேஸ், போன், டெலிவரி தேதி என்று சொன்னேன். "அப்படியானால் பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடத்தை நான் திரும்ப நடத்த மாட்டேன். அதற்கு அவர்கள் இருக்கிறார்கள். உன் ஆபீஸை எடுத்துக்கொண்டு வா" என்றார்.

பழைய கொட்டேஷன்களை எடுத்துக்கொண்டு போனேன். முதல் இரண்டு வாரம் வெறும் எண்கள். நமக்கு லட்சம், கோடி மாதிரி அவர்களுக்கு 'வான்', அதாவது பத்தாயிரம். நம் ஒரு லட்சம் அவர்களுக்குப் பத்து வான். நம் ஒரு கோடி, ஆயிரம் வான். காதில் வான் விழுந்ததும் மனசு லட்சத்துக்கு மாற்றி, வாய் விலை பேச வேண்டும். இடையில் கால்குலேட்டரைத் தேடினால் அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள்.

அடுத்தது போன் ஒத்திகை. லாவ்ஷி எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய்விடுவார். அங்கிருந்து என் செல்லுக்கு போன் பண்ணுவார். முகம் தெரியாது, கை ஜாடை தெரியாது. அவர் சப்ளையர், நான் கஸ்டமர். "சரக்கு எப்போது அனுப்புவீர்கள்?" என்று நான் கேட்க வேண்டும். அவர் சாக்குச் சொல்வார். சப்ளையர்கள் சாக்குச் சொல்வது எல்லா மொழியிலும் ஒரே மாதிரிதான் என்பதை அங்கேதான் கண்டேன்!

பிறகு ஒருநாள் அவர் சொன்னார்: "வகுப்பில் நீ கேட்பது சுத்தமான பொதுச் சீனம். உன் சப்ளையர்கள் ஜெஜியாங், குவாங்தோங் ஆட்கள். அவர்கள் ரேடியோ மாதிரி பேச மாட்டார்கள்." லாவ்ஷிக்கே சொந்த ஊர் ஜெஜியாங் மாகாணம்தான். அன்றிலிருந்து ஒத்திகையில் பாதி நேரம் ஊர்ப் பேச்சு வாடையோடு பேச ஆரம்பித்தார்.

தெற்கத்திக்காரர் பலருக்கு 'ஷ' வராது, 'ஸ' ஆகிவிடும். சீனத்தில் பத்து 'ஷி', நாலு 'ஸி'. பதினாலு 'ஷிஸி', நாற்பது 'ஸிஷி'. வகுப்பில் இது சுலபம். தெற்கத்திக்காரர் வாயிலோ இரண்டுமே 'ஸிஸி'! மிஞ்சுவது தொனி மட்டும். பதினாலு என்றால் முதலில் ஏறும், பிறகு இறங்கும். நாற்பது என்றால் முதலில் இறங்கும், பிறகு ஏறும். மூன்று வாரம் இந்த ஸிஸியைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ஒரு ஸிஸிக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்தால் அம்மா மயக்கம் போட்டு விழுந்திருப்பாள்.

2019 ஜூன். கோர்ஸ் முடிய ஒரு மாதம் இருக்கிறது. மானேஜர் ஒரகடத்திலிருந்து போன். "அர்ஜென்டா ஒரு ஸ்பிரிங் ஆர்டர். சப்ளையரை லைன்ல கூப்பிடறேன், நீ பேசு. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." பரீட்சை என்று அவர் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதா?

சப்ளையர் ஜெஜியாங்காரர். விலை பேசினோம். சரக்கு எப்போது கிளம்பும் என்று கேட்டேன்.

"ஸிஸி நாள்" என்றார்.

இறங்கி ஏறியது. நாற்பது! ஆனாலும் உறுதி பண்ணிக்கொள்ள லாவ்ஷி ஒரு வழி சொல்லித் தந்திருந்தார்: எண்ணைச் சேர்த்துக் கேட்காதே, பிய்த்துக் கேள். "ஒன்று-நாலா, நாலு-சைபரா?" என்றேன். "நாலு-சைபர்" என்றார். அவ்வளவுதான். மானேஜர் அரை ஆர்டரை அப்போதே கோயம்புத்தூர் சப்ளையருக்குத் திருப்பிவிட்டார். பதினாலு என்று குறித்துக்கொண்டிருந்தால் 26 நாள் லைன் நின்றிருக்கும். அதற்கு முன்னால் என் 100 யுவான் எந்த மூலை?

ஊருக்குத் திரும்பியதும் சைனா பர்ச்சேஸ் என்னிடம் வந்தது. சங்கிலி அம்மா கழுத்துக்கு வந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழகம் இல்லாமல் டியூஷன் மட்டும் போயிருந்தால் இது நடந்திருக்காது. எழுத்தும் இலக்கணமும் 1,200 வார்த்தையும் அங்கே போட்ட அஸ்திவாரம். அறிவது ஒன்று, அறிந்ததை அடுத்தவனுக்கு நேரே வாய் திறந்து சொல்வது இன்னொன்று. இந்த வித்தியாசம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன; 919, 921-ம் வருஷத்தவை. வாரியத்துக்கு நிற்பவனுக்குக் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும் என்கிறது விதி. அரைக்கால் வேலிதான் இருக்கிறதா? பரவாயில்லை, ஒரு வேதம் கற்று, ஒரு பாஷ்யத்தை 'வக்காணித்து' அறிந்தவனாக இருந்தால் போதுமாம். வக்காணிப்பது என்றால் விளக்கிச் சொல்வது. படித்திருந்தால் மட்டும் போதாது சார், வாயைத் திறக்க வேண்டும்!

யுவான் சுவாங் கதையும் அப்படித்தான். சீனாவிலிருந்து வந்து நாளந்தாவில் வருஷக்கணக்கில் படித்தவர். சுமார் 640-ல் எங்கள் காஞ்சிபுரத்துக்கும் வந்தார். வடக்கே திரும்பிப் போன பிறகு, நாளந்தாவுக்கு வெளியே தனியாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ஜயசேனர் என்பவரிடம் போய் 2 வருஷம் படித்தார். நாளந்தா படித்தவருக்கே தேவைப்பட்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக் காற்றுப் பட்டால் அப்புறம் டியூஷன் போகாமல் இருக்க முடியுமா?

சீனமோ, ஜப்பானியமோ, கொரியனோ படிக்கக் கிளம்பும் தம்பிகளுக்கு நாலு வார்த்தை. தொனி கெட்டிப்படுவதற்குள் சேர்ந்துவிடுங்கள். வாரம் இரண்டு மணி போதும். மிச்ச நாளில் அதையே பழக வேண்டும். மொத்தமாக முன்பணம் கட்டாதீர்கள். வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் வேலையைக் கொண்டுபோங்கள். ஒரு மணி நேரம் முடிந்ததும், யார் அதிகம் பேசியது என்று கணக்குப் பாருங்கள். டீச்சர்தான் அதிகம் பேசினார் என்றால், நியாயப்படி அந்த 100 யுவானை அவர்தான் உங்களுக்குக் கொடுக்க வேண்டும்!