கோடு மாறிய ஊர்கள் – 5: அரக்கோணம்

சென்ற இதழில் போலந்தின் வ்ரோத்ஸ்வாஃபில் இருந்தோம். ஓடர் ஆற்றங்கரையில் இருக்கும் அந்தப் பெருநகரம் 1945 வரை ஜெர்மனியின் பிரெஸ்லாவ். எல்லை நகர்ந்ததும் ஜெர்மானியர்களை வெளியேற்றினார்கள். கிழக்கே பறிபோன பகுதிகளிலிருந்து வந்த போலந்துக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். இன்று அது லோயர் சைலீசியா மாகாணத்தின் தலைநகர்; 2016-ல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகர் என்ற பட்டமும் கிடைத்தது. நம் பக்கம் இப்படி எல்லை மாறிய ஊர் இல்லையா என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த வாரம் சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினேன். அரக்கோணம் அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குள்தான்.

திருவள்ளூர் தாண்டியதும் கூட்டம் வடிந்து, ஜன்னலோர சீட் கிடைத்தது. திருவாலங்காடு காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்து சேர்ந்த தலம், நடராஜரின் இரத்தின சபை. ஸ்டேஷனில் இறங்கியவர்கள் நாலைந்து பேர்தான். அரக்கோணத்துக்கு முந்தைய நிறுத்தம் புளியமங்கலம். ரயில் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை. ஆனால் இந்த எல்லைக் கதையின் முக்கியமான மனிதர் ஒருவர் பிறந்தது இங்கேதான். மங்கலங்கிழார் என்ற தமிழாசிரியர் சுற்றுவட்டார ஊர்களில் தமிழ் சொல்லிக்கொடுத்தார், பிறகு ம.பொ.சி.யோடு சேர்ந்து வடக்கெல்லைப் போராட்டத்தில் இறங்கினார்.

வட ஆற்காட்டைப் பிரித்து 1911-ல் சித்தூர் மாவட்டம் அமைத்தபோது பக்கத்திலிருக்கும் திருத்தணி அதற்குள் போனது. 1953-ல் ஆந்திரம் தனி மாநிலமானதும் சித்தூர் மாவட்டம் முழுதாக அங்கே சேர்ந்தது. முருகனின் ஐந்தாம் படைவீடும் கூடவே போய்விட்டது. போராட்டம், மறியல், சிறை என்று ஆண்டுகள் ஓடின. கடைசியில் படாஸ்கர் சமரசத் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி திரும்பி வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. மங்கலங்கிழார் 1953-லேயே காலமாகிவிட்டார். வ்ரோத்ஸ்வாஃபில் மனிதர்கள் இடம் மாறினார்கள். திருத்தணியில் ஒருவரும் வீட்டைக் காலி செய்யவில்லை. இன்றும் கடைத்தெருவில் ஒரே வாயிலிருந்து தமிழும் தெலுங்கும் வருகின்றன, பேசுபவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

அரக்கோணம் மாநிலம் மாறவில்லை, மாறியதெல்லாம் மாவட்டம். வட ஆற்காடு 1989-ல் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமானது, பிறகு வேலூரானது. 2019-ல் வேலூரை மூன்றாகப் பிரித்ததில் ராணிப்பேட்டை வந்தது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் இதை எனக்குச் சுருக்கிச் சொன்னார்.

"ஆதார்ல வேலூர்னு இருக்கு சார். கலெக்டர் ஆபீஸ் ராணிப்பேட்டை. பொழப்பு மெட்ராஸ். சாமி திருத்தணி. எந்த ஊருன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ரயில்வேன்னு சொல்லிடுவேன்."

அது வேடிக்கைப் பேச்சில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது இந்த வழியாகத்தான். பிறகு ரேணிகுண்டா வழியாக மும்பைக்கு ஒரு தடம் பிரிந்தது, காஞ்சிபுரம் வழியாகச் செங்கல்பட்டுக்கு இன்னொன்று. காலையில் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். சீசன் டிக்கெட்காரர்கள் வண்டி வருமுன்பே தங்கள் பெட்டி நிற்கும் இடத்தில் கூடிவிடுகிறார்கள். ஒருவர் கைக்குட்டை போட்டு நாலு பேருக்கு இடம் பிடிக்கிறார். வெண்டர் பெட்டியில் கீரைக்கட்டுகள் ஏறுகின்றன. எதிர்த் தடத்தில் திருப்பதி போகும் மொட்டைத்தலைக் குடும்பம் ஒன்று இட்லிப் பொட்டலம் பிரிக்கிறது. இல்லை, மொட்டை போட்டாயிற்று, அவர்கள் திரும்பி வருகிறவர்கள்.

ராணிப்பேட்டைக்குப் போக வேண்டுமென்றால் வாலாஜா ரோடு வரை ரயில், அங்கிருந்து பஸ். பதின்மூன்று கிலோமீட்டரில் இருக்கும் திருத்தணியோ திருவள்ளூர் மாவட்டம். மக்களவைத் தேர்தலில் மட்டும் இரண்டும் ஒன்று: அரக்கோணம் தொகுதிக்குள்தான் திருத்தணி சட்டமன்றத் தொகுதியும் வருகிறது. போதாதற்கு, சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க 2022-ல் அரசு ஆணையிட்டபோது அரக்கோணம் பக்கமும் அதற்குள் வந்துவிட்டது. ஒரு ஊரை இத்தனை பேர் உரிமை கொண்டாடினால் சாக்கடை அடைப்பை யாரிடம் சொல்வது என்று டீக்கடையில் அந்த ரயில்வேக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

செங்கல்பட்டுத் தடத்தில் போனால் கடற்படையின் ராஜாளி விமானத்தளம். கடலே இல்லாத ஊரில் கடற்படையா என்று கேட்காதவர் இல்லை. வங்கக் கடலின் மேல் கண்காணிப்புக்குப் போகும் நெடுந்தூர விமானங்களுக்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். உலகப்போர்க் கால ஓடுபாதை ஒன்று இங்கே ஏற்கெனவே இருந்தது. 1992 மார்ச்சில் தளம் செயல்படத் தொடங்கியது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கியபோது பயணிகள் விமானங்கள் இங்கிருந்துதான் பறந்தன. தலைநகரத்துக்கு ஆபத்து என்றால் கைகொடுப்பது இந்த ஊர். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது படைப்பிரிவும் இங்கேதான்.

அடுத்த ஸ்டேஷன் தக்கோலம். 949-ல் ராஷ்டிரகூடன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில் சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே மாண்ட களம். சம்பந்தர் பாடிய ஜலநாதீஸ்வரர் கோயில் இருக்கும் ஊரும் அதுவே. ஒரு பட்டமும் கிடைக்காத அரக்கோணத்தைச் சுற்றி இத்தனை இருக்கிறது.

என்னைக் கேட்டால் அரக்கோணத்தையும் திருத்தணியையும் ஒரே மாவட்டமாக வைத்திருக்க வேண்டும். 2019-ல் அந்த வாய்ப்பைத் தவறவிட்டார்கள். நீங்கள் போவதானால் ஆடிக் கிருத்திகையையும் டிசம்பர் 31 படித் திருவிழாவையும் தவிர்த்து ஒரு சாதாரண நாளில் போங்கள். காலை ரயிலில் இறங்கித் தக்கோலம் பார்த்துவிட்டு வந்தால், மாலையில் திருத்தணியின் 365 படிகளையும் நிதானமாக ஏறலாம்.