பெற்ற வயிறு

நம்முடைய ஊர்களில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால், அதன் எடை என்ன, நிறம் என்ன, மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது என்றெல்லாம் விசாரிக்க நூறு பேர் வருகிறார்கள். பெற்றவளின் வயிறு எப்படி இருக்கிறதென்று விசாரிப்பவர் ஒருவருமில்லை. விசாரிப்பவர்தான் இல்லையே தவிர, விமரிசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. பிரசவமாகி வருஷங்கள் கழிந்த பின்னும் வயிறு முன்தள்ளி நின்றால், "சோற்றைக் குறைக்கக் கூடாதா?" என்பார் ஒருவர். "நாலு தெரு நடந்தால் கரைந்து போகும்" என்பார் இன்னொருவர்.

எனக்கு இரண்டாவது குழந்தை 2018-ஆம் வருஷம் சிசேரியன் முறையில் பிறந்தது. அந்தக் குழந்தை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒரு நாள், உளுந்தூர்பேட்டை பஸ் நிலையத்தில் முன்பின் அறியாத ஓர் அம்மாள் எழுந்து எனக்கு இடம் கொடுத்து, "எத்தனாவது மாசம்மா?" என்று பரிவோடு கேட்டார். கொடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சேலம் பஸ்ஸுக்கு அன்று அவ்வளவு கூட்டம்!

நான் பருத்த சரீரம் உடையவள் அல்ல. கை கால்கள் மெலிந்தே இருந்தன. வயிறு மட்டும் காலையில் சாதுவாக இருந்து, ஏழு பீரியடும் முடிந்து வீடு திரும்பும்போது உப்பி நிற்கும். படுக்கையிலிருந்து நேரே எழ முயன்றால், நடு வயிற்றில் மேலிருந்து கீழாக ஒரு மேடு ஓட்டு வீட்டின் முகடு போலக் கிளம்பும். இதை ஒரு டாக்டரிடம் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழாமலே, "எடையைக் குறையுங்கள்" என்று கூறி அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

விஷயம் இன்னதென்று விளங்கியது ஓர் இயன்முறை மருத்துவரிடம் போன பிறகுதான். சிறு வயதுப் பெண். என்னிடம் படித்தவர்களின் வயதுதான் இருக்கும். என்னை மல்லாந்து படுக்கச் செய்து, முழங்காலை மடக்கச் சொன்னார். தொப்புளின் மேல் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு, "தலையை மட்டும் கொஞ்சம் தூக்குங்கள்" என்றார். தூக்கினேன். அவருடைய விரல்கள் இரண்டும் தாராளமாக உள்ளே இறங்கின. மூன்றாவது விரலையும் சேர்த்தார், அதுவும் இறங்கியது. நான்காவதற்கும் இடமிருந்தது.

நம் வயிற்றின் முன்புறத்தில், மார்பெலும்பின் பக்கத்திலிருந்து இடுப்பெலும்பு வரையில் இரண்டு நீண்ட தசைப் பட்டைகள் இறங்குகின்றன. இரண்டையும் நடுவே பிணைப்பது தசையல்ல, வெண்மையான ஒரு நார்ப்பட்டை. வெண்கோடு என்று அதற்குப் பெயர். கர்ப்பத்தில் குழந்தை வளர வளர இந்தக் கோடு அகன்று மெலிகிறது. அந்த மாதங்களில் உடலில் ஊறும் சுரப்புகளும் நார்களை நெகிழ்த்தி வைக்கின்றன. அப்படி நெகிழாவிட்டால் குழந்தைக்கு இடம் ஏது? ஆகவே இது வியாதியல்ல. போர்ச்சுகலில் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, கர்ப்பத்தின் 35-ஆவது வாரத்தில் சோதித்த பெண்கள் எல்லோருக்குமே தசைகள் விலகியிருந்தன. ஆறு மாதம் கழித்து நூற்றுக்கு 39 பேருக்கு மட்டும் விலகல் நின்றது. நார்வேயில் முதற்குழந்தை பெற்ற 300 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு வருஷம் ஆன பின்னும் ஏறக்குறைய மூவரில் ஒருத்திக்கு விலகல் இருந்தது.

மூவரில் ஒருத்தி! எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளின் அறையில் ஒன்பது பேர் உட்காருகிறோம். கணிதம் போதிப்பவளாதலால் என் மனம் உடனே வகுத்தல் கணக்குப் போட்டுவிட்டது. ஆனால் அந்த அறையில் மாமியார் முதல் மகா தேர்தல் வரையில் எல்லாம் பேசியிருக்கிறோமே தவிர, இதைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை.

சிசேரியன் கத்திதான் தசையை வெட்டிப் பிரித்துவிட்டது என்று பல பெண்கள் நம்புகிறார்கள். அது சரியல்ல. தோலைக் குறுக்கே கீறினாலும், அந்த நெடும் பட்டைகளைப் பொதுவாக வெட்டுவதில்லை; நடுவே ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். முதுகுவலிக்கெல்லாம் இந்த விலகலே காரணம் என்று சொல்வதும் வழக்கம். மேற்சொன்ன நார்வே ஆராய்ச்சியில், விலகல் உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட முதுகுவலி அதிகமாகக் காணப்படவில்லை. ஆனால் அதே ஆராய்ச்சியில் ஒரு செய்தி என் மனத்தில் தைத்தது. வாரத்தில் இருபது முறைக்கு மேல் பாரம் தூக்கிய பெண்களிடம் விலகல் அதிகமாக இருந்ததாம். காரணம் அதுதான் என்று அறுதியிட முடியாது. என்றாலும், எங்கள் பக்கத்துப் பெண்கள் தண்ணீர்க் குடத்தையும், கரும்புக் கட்டையும், கல்வராயன் மலையில் விறகுச் சுமையையும் வாரத்துக்கு எத்தனை முறை தூக்குகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் இருபது என்பது ஒரு நாளைக் கணக்கு.

விலகல் வேறு, குடலிறக்கம் வேறு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விலகலில் நார் மெலிந்திருக்கிறதே ஒழிய ஓட்டை இல்லை. குடலிறக்கத்தில் ஓட்டை உண்டு. அதன் வழியே உள்ளிருப்பது பிதுங்கும். தொப்புளருகே கட்டி போலப் பிதுங்கி, அமுக்கினால் உள்ளே போகாமல், வலியும் வாந்தியும் கண்டால், அப்பியாசம் செய்துகொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எங்கள் வீட்டில் பிரசவமானவுடன் என் மாமியார் பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றைச் சுற்றிக் கட்டினார். "இறுக்கிக் கட்டினால்தான் வயிறு ஒட்டும் கண்ணு" என்றார். படித்தவர்கள் இந்தப் பழக்கத்தைப் பரிகசிக்கிறார்கள். நான் பரிகசிக்க மாட்டேன். புண்பட்ட வயிற்றுக்கு முதல் வாரங்களில் அந்தக் கட்டு பெரிய ஆறுதல். இருமும்போதும் எழும்போதும் வலி தாங்கும். ஆனால் துணி தசையின் வேலையைச் செய்யுமே ஒழிய, தசைக்கு வேலை கற்றுக்கொடுக்காது. மேலும் மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தமெல்லாம் கீழே இறங்கிக் கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்குகின்ற தசைகளின் மேல் சுமையேற்றும். ஊர்ப் பெயரிலேயே உளுந்தை வைத்துக்கொண்டிருக்கும் நாங்கள் பெற்றவளுக்கு உளுந்தங்களி கிண்டிக் கொடுப்பதை மறப்பதில்லை. அது நல்ல வழக்கம்தான். ஆனால் களியும் தசைக்கு இரையாகுமே தவிர அப்பியாசம் ஆகாது.

அந்த இளம் மருத்துவர் எனக்குக் கற்பித்த முதல் பாடம் மூச்சு. பார்ப்பவர்கள் இதைத் தேகாப்பியாசம் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முழங்காலை மடக்கிப் படுத்து, விலாப் பக்கம் விரியும்படி மூச்சை இழுக்க வேண்டும். மெதுவாக ஊதி விடும்போது, சிறுநீரை அடக்குவது போலக் கீழ்த் தசைகளை மேலே இழுத்து, தொப்புளுக்குக் கீழே வயிற்றை மெள்ள உள்ளே ஒடுக்க வேண்டும். ஐந்து எண்ணும் வரையில் நிறுத்தித் தளர்த்த வேண்டும். அவ்வளவுதான். வயிற்றின் ஆழத்தில் இடுப்புக் கச்சை போலக் குறுக்கே ஓடும் ஒரு தசை உண்டு. அதை எழுப்பும் வழி இது. பத்து முறை செய்வதற்குள் எனக்கு நெற்றியில் வியர்த்தது.

இது பழகிய பிறகு, அதே மூச்சோடு ஒரு குதிகாலைத் தரையில் நீட்டி மடக்குவது. பிறகு இடுப்பைப் பாலம் போல உயர்த்துவது. கையும் காலும் ஊன்றி நிற்பது. சுவரில் சாய்ந்து பாதி உட்கார்ந்து எழுவது. எந்த அப்பியாசத்திலாவது நடு வயிற்றில் அந்த முகடு கிளம்பினால் அது இன்னும் அதிகம் என்று அர்த்தம். ஒரு படி இறங்கிவிட வேண்டும். படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழ வேண்டும். குடத்தைத் தூக்கும் கணத்தில் மூச்சை அடக்காமல் ஊத வேண்டும்.

நான் வாரந்தோறும் விரல் வைத்து அளந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தேன். மருத்துவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "அகலத்தை எண்ணாதீங்க டீச்சர். விரலை அழுத்தினா கயிற்றுக் கட்டில் மாதிரி எதிர்த்து நிக்குதா, சோற்றில் வைத்த மாதிரி இறங்குதா, அதைப் பாருங்க" என்றார். இது அவருடைய சொந்த அபிப்பிராயம் அல்ல. கனடாவின் டயான் லீ, ஆஸ்திரேலியாவின் பால் ஹாட்ஜஸ் என்ற இருவரும் 2016-இல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். தலையைத் தூக்கினால் இடைவெளி குறுகுகிறது, ஆனால் நடு நார் துவண்டு போகிறது. ஆழத் தசையை முதலில் ஒடுக்கினால் இடைவெளி அவ்வளவு குறுகுவதில்லை, ஆனால் நார் விறைப்பாக நிற்கிறது. விறைப்புத்தான் பலம்.

"எழுந்து உட்காரும் அப்பியாசத்தைச் செய்தால் வயிறு கிழிந்துவிடும்" என்று பயமுறுத்துபவர்களும் உண்டு. நார்வேயில் 70 பெண்களைக் கொண்டு 2023-இல் வெளியான சோதனையில், ஒரு பாதியினர் பன்னிரண்டு வாரம் அதையே படிப்படியாகச் செய்தார்கள். தசைக்குப் பலம் ஏறியது, இடைவெளி அகலவில்லை. மிகவும் குறைந்ததென்றும் சொல்வதற்கில்லை. அப்பியாசத்தால் வெண்கோடு பழையபடி ஒட்டிவிடும் என்று யாராவது நாள் குறித்து வாக்களித்தால், அவரிடம் பணத்தைக் கொடுக்காமல் இருப்பது நலம்.

எனக்கு ஆறு மாதத்தில் நான்கு விரல் இரண்டரை ஆயிற்று, அதற்குமேல் நகரவில்லை. ஆனால் விரல் இப்போது இறங்குவதில்லை. ஏழாவது பீரியடிலும் நிமிர்ந்து நிற்கிறேன். முகடும் கிளம்புவதில்லை.

எனக்கு ஒன்பது மாதச் சம்பள விடுமுறை கிடைத்தது. 2021 முதல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களாகிய பெண்களுக்கு அது பன்னிரண்டு மாதமாக உயர்ந்தது. நாற்று நடுகிறவளுக்கு அந்தப் பாக்கியம் ஏது? அவளை மருத்துவரிடம் போகச் சொல்வது சுலபம். ஒரு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்? இயன்முறை மருத்துவம் என்றால் பக்கவாதக்காரர்களுக்கும் எலும்பு முறிந்தவர்களுக்கும்தான் என்ற எண்ணமும் நம்மவர்களிடம் இருக்கிறது. ஆனால் எந்த ஏழைத் தாயும் ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அன்றைக்குக் குழந்தையைப் பார்த்த பிறகு, தாயையும் இரண்டு நிமிஷம் படுக்க வைத்து விரல் வைத்துப் பார்த்தால் என்ன? அதற்கு யந்திரம் வேண்டாம், மருந்து வேண்டாம். மூச்சு விடக் கற்றுக்கொடுக்க இன்னும் ஐந்து நிமிஷம் போதும்.

எங்கள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் அம்மாளுக்கு மூன்று குழந்தைகள்; கடைசிக் குழந்தைக்குப் பதினொரு வயது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் என் வீட்டுப் பாயில் படுக்கவைத்துப் பார்த்தேன். மூன்று விரல் இறங்கியது. "இத்தனை வருஷம் கொழுப்புன்னு நெனச்சு ராத்திரிச் சோத்தை விட்டுட்டேனே டீச்சர்" என்றார். வாரம் ஒரு நாள் வந்து கற்றுக்கொள்கிறார். பகலுணவு மணி அடிப்பதற்குச் சற்று முன், அவர் சாதப் பானையை அடுப்பிலிருந்து இறக்குவதற்காக 'உஸ்' என்று மூச்சை ஊதுவது இப்போது ஏழாம் வகுப்பு வரையில் கேட்கிறது. பையன்கள் சிரிக்கிறார்கள். எனக்கு மட்டும் அது பாடம் சரியாக ஒப்பிப்பது போல் இருக்கிறது.