மல்லாங்கிணறு டு சிவகாசி... போனுக்குள் மட்டும் இருக்கும் பட்டாசுக் கடைகள்!

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு வெளியூர் சொந்தங்களிடமிருந்து போன் வரத் தொடங்கிவிடும். "சிவகாசி உங்க ஊருக்குப் பக்கம்தானே மாமா, நல்லதா ஒரு பெட்டி வாங்கி பஸ்ல போட்டு விட்டுருங்களேன்!"

மாமாவால் வாங்க முடியும். பஸ்ஸில் போட்டுவிட முடியாது.

பயணிகள் பஸ்ஸில் பட்டாசு ஏற்றக் கூடாது. தபாலிலும் கூரியரிலும் அனுப்பக் கூடாது. ரயிலில் கொண்டுபோய் மாட்டினால், ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி 3 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக, சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மருமகன் அடுத்து என்ன செய்வார்? போனை எடுத்து 'சிவகாசி பட்டாசு, குறைந்த விலை' என்று தேடுவார். அந்த இடத்தில்தான் போலிக் கடைகள் காத்திருக்கின்றன.

அந்த மாமாவின் ஊர் மல்லாங்கிணறு என்று வைத்துக்கொள்வோம். விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் இருக்கும் பேரூராட்சி. காரியாபட்டி தாலுகா. அரசியல்வாதி தங்கம் தென்னரசுவுக்கும் அவருடைய அக்கா, கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனுக்கும் சொந்த ஊர் இது. தமிழச்சியின் கவிதைகளைப் படித்தவர்களுக்கு இந்த மண்ணின் வாசனை ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

சுற்றிலும் கரிசல் காடு. மழை பெய்தால் காலில் அப்பிக்கொள்ளும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிய மானாவாரி விவசாயம். பருத்தி, மிளகாய், பயறு வகைகள். எதுவும் போடாத நிலத்தில் சீமைக் கருவேலம் தானாக வளர்ந்து நிற்கும்.

பட்டாசின் கதையே இந்த வறட்சியில்தான் தொடங்குகிறது. மழை ஏமாற்றும் மண்ணில் விவசாயம் மட்டும் வயிற்றை நிரப்பாது. அதே நேரம், காய்ந்த காற்று தீக்குச்சிக்கும் வெடிமருந்துக்கும் நல்லது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்குப் பின்னால் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் ஒட்ட லேபிள் வேண்டுமே, அதனால் அச்சுத் தொழிலும் வந்தது. இன்று இந்தியாவின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்தில்தான் தயாராகிறது என்கிறார்கள்.

மல்லாங்கிணற்றிலிருந்து சிவகாசி போக வேண்டுமென்றால் விருதுநகரில் பஸ் மாற வேண்டும். 1923 வரை விருதுபட்டி என்று அழைக்கப்பட்ட ஊர். காமராஜர் பிறந்த ஊர். எண்ணெயில் பொரித்தெடுக்கும் பரோட்டாவைச் சாப்பிடாமல் அடுத்த பஸ் ஏறுபவர்கள் குறைவு!

விருதுநகரில் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயமும் உண்டு. 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' என்று நாளிதழ்களில் பருப்பு, எண்ணெய், வத்தல் விலை வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஊரின் பெயரைச் சொன்னாலே சரக்கின் மீது நம்பிக்கை வரும் என்பதுதான் இந்த மாவட்டத்தின் முதல். பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியதும் அதற்காகத்தான். பெயருக்கு மதிப்பு வந்ததும், அந்தப் பெயரை எடுத்து ஒட்டிக்கொள்ள ஆள் வந்துவிடுகிறது.

ஆமத்தூர், திருத்தங்கல் தாண்டினால் சிவகாசி. இங்கே சீசன் தீபாவளிக்குச் சில நாள் முன்பு தொடங்குவதில்லை. ஆடிப்பெருக்கு அன்றே கடைகளில் பூஜை போட்டு, புது விலைப்பட்டியலோடு வியாபாரத்தை ஆரம்பித்துவிடுவார்கள். விருதுநகர் சாலை, சாத்தூர் சாலை என்று எந்தப் பக்கம் போனாலும் வரிசையாகக் கடைகள். வெளி மாவட்ட, வெளி மாநிலப் பதிவு எண்ணோடு கார்கள்.

ஒரு கடைக்குள் நுழைந்து பாருங்கள். சுவரில் உரிமம் மாட்டியிருக்கும். வாசலில் மணல் வாளி, தண்ணீர், தீயணைப்பான். வெடிபொருள் சட்டப்படி எவ்வளவு கிலோ வைக்கலாம் என்பதற்குக் கூட கணக்கு உண்டு. பெட்டியைக் கையில் எடுத்து, தயாரித்த கம்பெனி எது, எந்த ஆண்டு சரக்கு என்று பார்க்கலாம். ஈரம் பட்ட சரக்கு என்று தோன்றினால் மாற்றித் தரச் சொல்லி சண்டையும் போடலாம்.

போனில் தெரியும் சிவகாசி

இப்போது மருமகனின் போனுக்கு வருவோம். அதிலும் 'சிவகாசி' இருக்கிறது. அம்மன் படம், குத்துவிளக்கு, மத்தாப்பு பிடித்துச் சிரிக்கும் குழந்தை, 80 சதவீதம், 90 சதவீதம் தள்ளுபடி.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். ஆன்லைனில் பட்டாசு விற்பதே கூடாது. 2018 அக்டோபர் 23-ம் தேதி, அர்ஜுன் கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. ஃப்ளிப்கார்ட், அமேசான் பெயர்களையே குறிப்பிட்டு, இணைய வணிகத் தளங்கள் பட்டாசு ஆர்டர் எடுக்கக் கூடாது, மீறினால் நீதிமன்ற அவமதிப்பு என்றது.

அதற்குப் பிறகும் சிவகாசி பெயரில் எப்படி இத்தனை இணையதளங்கள்? பல தளங்களில் ஒரு ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நாங்கள் ஆன்லைனில் விற்பதில்லை, வேண்டியதைத் தேர்வு செய்து விசாரணையாக அனுப்புங்கள், நாங்களே போனில் அழைத்து உறுதி செய்கிறோம் என்று. அதாவது, கடைப் பக்கம்போல எல்லாம் இருக்கும். பணம் கட்டும் பட்டன் மட்டும் இருக்காது. பணம் பின்னர் வங்கிக் கணக்கு வழியாகவோ யுபிஐ வழியாகவோ போகும். சரக்கு லாரியில் வரும்.

உண்மையான சிவகாசி வியாபாரிகளிலும் இப்படித் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். சொன்ன தேதியில் சரக்கு அனுப்பி, ஆண்டுதோறும் அதே வாடிக்கையாளரைத் தக்கவைத்திருப்பவர்களும் உண்டு. சட்டம் ஒரு வாசலை மூடியபோது அவர்கள் திறந்துகொண்ட பக்கவாட்டு சன்னல் இது. ஆனால், அந்த சன்னல் வழியாகத்தான் திருடனும் வருகிறான். முறையாக பில் போட்டு, கார்டில் பணம் வாங்கும் வழி இல்லாதபோது, தெரியாதவரின் கணக்கில் பணத்தைப் போடுவது வாடிக்கையாளருக்கும் பழகிவிட்டது. மோசடி செய்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

வேலை ரொம்பச் சுலபம். உண்மையான கடையின் விலைப்பட்டியலையும் படங்களையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியது. சிவகாசி முகவரி ஒன்றைப் போட வேண்டியது. சமூக வலைதளத்தில் விளம்பரம். விசாரித்தவுடன் வாட்ஸ்அப்பில் பேச்சு. சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது, முன்பணம் போட்டால்தான் ஒதுக்கி வைக்க முடியும் என்று அவசரம். பணம் போனதும், லாரி வாடகை, ஜிஎஸ்டி என்று இன்னும் கொஞ்சம். அதன் பிறகு எண் அணைந்துவிடும். தீபாவளி முடிந்ததும் இணையதளமும் காணாமல் போகும். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிக் குற்றப்பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

ஏமாந்தவர்களில் பலர் புகார் கொடுக்கவும் தயங்குகிறார்கள். தடை இருக்கும்போது ஆன்லைனில் வாங்கப் போனது நம் தப்புதானே என்ற கூச்சம். மோசடிக்காரனுக்கு அதுவும் ஒரு பாதுகாப்பு.

பெட்டிக்குள்ளும் போலி

சில நேரம் சரக்கு வந்து சேரும். ஆனால் சொன்ன சரக்காக இருக்காது. லேபிள் அச்சடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஊரின் பெயரில் போலி லேபிள் வருவது ஒரு வேடிக்கைதான். புகையைக் குறைத்த 'பசுமைப் பட்டாசு'களை அடையாளம் காண, 2019-ல் நீரி ஆய்வு நிறுவனத்தின் முத்திரையும் க்யூஆர் கோடும் கொண்டு வரப்பட்டன. 2021-ல் அந்த க்யூஆர் கோடே போலியாக அச்சிடப்படுகிறது என்ற பிரச்னை உச்ச நீதிமன்றம் வரை போனது.

விலைப்பட்டியலில் சரவெடி இருக்கிறதா என்று பாருங்கள். 2018 தீர்ப்பிலேயே தொடர்வெடிகளுக்குத் தடை. '10,000 வாலா'வை முதல் பக்கத்தில் பெரிதாகக் காட்டும் தளம் ஒன்று சட்டத்தை மதிக்காத கடை, இல்லையென்றால் கடையே இல்லை.

90 சதவீதத் தள்ளுபடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெடிமருந்து, காகிதம், கூலி, லாரி வாடகை எல்லாம் போக, பத்தில் ஒரு பங்கு விலைக்கு எந்தத் தொழிற்சாலையும் தர முடியாது. மேலே போட்டிருக்கும் விலையை ஏற்றிவிட்டு, கீழே அடித்துக் காட்டும் கணக்குதான் அது. நேர்மையான கடைகளும் போட்டிக்காக அதே கணக்கைப் போடுவதால், எது நிஜம் என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. இந்த வழக்கத்தைச் சிவகாசி வியாபாரிகளே கைவிட்டால் போலிகளுக்கு மறைவிடம் குறையும்.

சிவகாசிக்கு நேரில் போக முடியாதவர்கள், ஒரு கடை தரும் ஜிஎஸ்டி எண்ணை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். பதிவான பெயரும் ஊரும் வரும். பணம் அனுப்பும்போது போனில் தெரியும் பெயர் கடையின் பெயராக இல்லாமல் யாரோ ஒருவரின் பெயராக இருந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணம் போய்விட்டால் யோசிக்காமல் 1930-க்கு அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதியலாம். அந்தப் பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்கு முன்பு முடக்க முடிகிறதா என்பது நீங்கள் எத்தனை சீக்கிரம் சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்றால், உங்கள் ஊர் மைதானத்தில் தீபாவளிக்கு முளைக்கும் தற்காலிகக் கடைகளே போதும். அங்கே வருவதும் பெரும்பாலும் சிவகாசி சரக்குதான். விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், லாரி வாடகை அதற்குள் இருக்கிறது. அந்தத் தகரக் கொட்டகைகளுக்கு 2008-ம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் தனியாக ஒரு பகுதியே இருக்கிறது. இரண்டு கொட்டகைக்கு நடுவே குறைந்தது 3 மீட்டர் இடைவெளி. ஒன்றையொன்று பார்த்தபடி அமைக்கக் கூடாது. ஓரிடத்தில் 50 கடைகளுக்கு மேல் கூடாது. எண்ணெய் விளக்கு கூடாது. தீபாவளி முடிந்த கையோடு கொட்டகையைப் பிரித்துவிடுவார்கள். ஆனால் உரிமம் வாங்கியவரின் பெயரும் முகவரியும் அரசு அலுவலகப் பதிவேட்டில் இருக்கும்.