ஈரலுக்கு வலிக்கத் தெரியாது

கருணாபுரம் ஞாபகமிருக்கிறதா உங்களுக்கு? கள்ளக்குறிச்சி டவுனிலேயே இருக்கிற பகுதி. 2024 ஜூனில் அங்கேயும் சுற்றுவட்டாரத்திலுமாகக் கள்ளச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் கலந்திருந்தது மெத்தனால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறி, கண்ணைப் பறிக்கும், ஆளையும் பறிக்கும்.

அந்த வாரம் நண்பர் ஒருவர் டி.வி. பார்த்தபடி சொன்னார்: "அது கள்ளச்சரக்கு சார். நான் சாப்பிடுறது கவர்மென்ட் சரக்கு!"

இருபது வருஷமாகச் சாப்பிடுகிறார். கடைச் சரக்கில் இருக்கும் எத்தனாலுக்கு அவசரமே கிடையாது. ஈரலில் கொழுப்பைச் சேர்த்து, தழும்பாக்கி, நிதானமாக சிரோசிஸ் வரைக்கும் கொண்டுபோகும். அந்தத் தழும்புகளுக்கு நடுவேதான் பெரும்பாலும் புற்றுநோய் முளைக்கிறது. (குடிக்காதவர்கள் ரொம்ப நிம்மதியாகச் சாய்ந்து உட்கார வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும், சர்க்கரையோடு வரும் கொழுப்பு ஈரலும் இதே வேலையைச் செய்யும்.) ஈரலின் உள்ளே வலி தெரியாது. மேலுறை இழுபட்டால்தான் வலிக்கும். அதற்குள் கட்டி பெரிதாகிவிட்டிருக்கும்.

நண்பருக்கு சிரோசிஸ் என்று போன வருஷம் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு ரத்த ரிப்போர்ட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறார். "ஏ.எஃப்.பி. நார்மல் சார்!" ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்பது கருவிலிருக்கும் குழந்தையின் ஈரல் சுரக்கும் புரதம். புற்று வந்த ஈரல் பழைய ஞாபகத்தில் அதை மறுபடி சுரக்கும் என்பதை 1963-ல் அபெலெவ் என்ற சோவியத் விஞ்ஞானி எலிகளில் கண்டுபிடித்தார். ஆனால் சின்னக் கட்டிகள் பல அதைச் சுரப்பதே இல்லை. வெறும் வைரஸ் அழற்சியிலும் அது ஏறும். நான் பி.காம். படித்தவன். ஒற்றை வவுச்சரை நம்பிக் கணக்கை முடிக்கக் கூடாது என்பது எங்கள் பாலபாடம்.

டாக்டர்கள் கணக்கும் அப்படித்தான். சிரோசிஸ்காரருக்கு ஆறு மாதத்துக்கொரு தடவை அல்ட்ராசவுண்ட். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கட்டி தெரிந்தால் மருந்து ஏற்றி சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. தமனி ரத்தம் பாயும்போது கட்டி பளிச்சென்று தெரிந்து பிறகு மங்கினால், பெரும்பாலும் அதுவே போதும், ஊசி வேண்டாம். சந்தேகமாக இருந்தால்தான் பயாப்சி.

இங்கேதான் சிக்கல். ஆரம்பப் புற்றும், புற்றாகப் போகிற முடிச்சும் மைக்ராஸ்கோப்பில் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். செல்கள் நெருக்கியடிக்கின்றனவா, அவற்றைத் தாங்கும் நார்வலை அறுந்திருக்கிறதா, பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருக்கின்றனவா என்றெல்லாம் பார்த்தாலும், பழுத்த நிபுணர்களே மாறுபடுவார்கள். அப்போது மூன்று புரதங்களைச் சாயம் போட்டுத் தேடுகிறார்கள்: கிளிபிக்கன்-3, ஹெச்.எஸ்.பி.70, குளுட்டமின் சின்தடேஸ். மூன்றில் இரண்டு டேலி ஆனால் புற்று. ஆகாவிட்டால்? இல்லவே இல்லை என்று அர்த்தமில்லை. ஊசியில் வந்தது துளிச் சதைதானே. மறுபடி ஸ்கேன்.

இரண்டு சென்டிமீட்டருக்குள் பிடித்தால் வெட்டி எடுக்கலாம், ஊசி வழியாகச் சுட்டே அழிக்கலாம். பிடிக்க முதலில் ஸ்கேனுக்கு ஆள் வரவேண்டுமே! கருணாபுரம் மாதிரி இடங்களில் வருஷக்கணக்காகக் குடிக்கிறவர்களுக்கு யார் தேதி எழுதிக்கொடுக்கிறார்கள்? அதற்கு ஒரு ஸ்கேன் மெஷினும், அடுத்த ஆறாவது மாதம் யார் வரவில்லை என்று பார்த்து ஆளனுப்ப ஒரு நோட்டுப்புத்தகமும் வேண்டும். மூன்று சாயமெல்லாம் அப்புறம்.