காந்தாரம் எங்கே நிற்கிறது?

ஆரபியையும் தேவகாந்தாரியையும் தாளில் எழுதி வைத்தால் பிரித்துச் சொல்வது கடினம். இரண்டும் 29ஆம் மேளமான சங்கராபரணத்தில் பிறந்தவை. ஏறும்போது ச ரி ம ப த ச. இறங்கும்போது ஏழு சுரமும் வரும். தியாகராசர் ஆரபியில் ‘சாதிஞ்செனே’யைச் செய்தார், தேவகாந்தாரியில் ‘க்ஷீரசாகர சயன’வைச் செய்தார். இரண்டும் ஆதி தாளம். ஆனால் கேட்டுப் பழகிய காதுக்கு ஒன்று மற்றதாகத் தோன்றுவதேயில்லை.

இந்தப் பாடத்தை நாங்கள் படித்தது சங்கீதக் கல்லூரியில் அல்ல. டுபாயில், தேராப் பக்கத்தில், எட்டுப்பேர் படுக்கும் ஓர் அறையில். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வெள்ளிக்கிழமை லீவு என்பதால் வியாழன் இரவு எங்களுடையது. நாதஸ்வரம், வயலின் கசற்றுகள் கைமாறிக் கைமாறி, பிரதிக்குப் பிரதியாக எங்களிடம் வந்து சேரும். மேலே எழுதியது அழிந்திருக்கும். என்ன ராகம் என்பதைக் காதுதான் சொல்லவேண்டும்.

அறையில் மூத்தவர் இணுவில் அண்ணை. தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர்க்காரர். அவர் எந்த வாத்தியமும் பழகியவரல்ல. கோயில் வீதியில் விடிய விடிய மேளம் கேட்டு வளர்ந்தவர், அவ்வளவுதான்.

ஆரபி விரைந்து போகும், தேவகாந்தாரி ஆறுதலாகப் போகும் என்பது பலரும் சொல்லும் அடையாளம். அதில் உண்மை உண்டு. ஆரபி கனராகம், தானத்துக்கும் மத்திம காலத்துக்கும் ஏற்றது. தேவகாந்தாரி விளம்ப காலத்தில், அசைந்த கமகங்களோடுதான் முகம் காட்டும். ஆனால் எங்கள் ரேப் றெக்கோடரில் இந்த அடையாளம் செல்லாது. பெல்ற் தளர்ந்தால் ஆரபியும் ஊர்ந்துதான் வரும்.

“அப்ப இது தேவகாந்தாரி ஆகிவிட்டுதோ அண்ணை?” என்று ஒருவன் கேட்டான்.

“இல்லைத் தம்பி, இது களைச்சுப்போன ஆரபி. காந்தாரத்தைக் கவனி. அது நிக்குதோ? மத்திமத்தை ஒட்டி வந்து உடனே இறங்கியிடும். நிஷாதமும் அப்படித்தான். தேவகாந்தாரியெண்டால் காந்தாரத்தில கொஞ்சம் இருந்து இளைப்பாறும். ரிஷபம் ஊஞ்சல் மாதிரி ஆடும்.”

அதற்குப் பிறகு நாங்கள் வேகத்தை விட்டுவிட்டோம். எந்தச் சுரத்தில் தங்குகிறது, எதைத் தொட்டும் தொடாமலும் கடக்கிறது என்று கேட்கத் தொடங்கினோம். 22ஆம் மேளமான கரகரப்பிரியாவில் பிறந்த தர்பாரையும் நாயகியையும் இப்படித்தான் பிரிக்கப் பழகினோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாவற்குழி கடந்து தென்மராட்சிக்குச் சனம் நடந்தது. வானொலி லட்சக்கணக்கானோர் என்றது. அண்ணைக்கு அந்தக் கணக்குப் போதவில்லை. ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் எந்த ஒழுங்கைச் சனம், எந்தப் பள்ளிக்கூடத்தில், ஆருடைய தாய் நடக்கமாட்டாமல் நின்றது என்று துருவித் துருவிக் கேட்பார். அந்த வாரங்களில் கசற் போடவில்லை. ஆனால் அவர் கேட்டவிதம் எங்களுக்குப் பழக்கமானதாக இருந்தது. தூரத்தில் ஒரே கூட்டமாகத் தெரிவதை, ஆர் எங்கே தரித்தார் என்று பார்த்துப் பிரித்தறிவது.

வளைகுடாவில் எங்களையும் அப்படி ஒருவரும் பார்க்கவில்லை. ஒரே நீலச் சட்டை, ஒரே பஸ், அட்டையில் ஓர் எண். மட்டக்களப்பானும் மன்னாரானும் இராமநாதபுரத்தானும் மேற்பார்வையாளருக்கு ஒன்றுதான். அறைக்குள் வந்து வாயைத் திறந்தால்தான் ஆள் வேறு, ஊர் வேறு.

அந்த அறைக்காரர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறோம். பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் பாட்டோடு ராகத்தின் பெயரும் எழுத்தில் வந்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் பெயரை மறைத்துவிட்டு ஒருமுறை போட்டுக்காட்டுங்கள். காந்தாரம் நிற்கிறதா, கடக்கிறதா என்று கேளுங்கள். எங்களுக்கு இணுவில் அண்ணை தந்தது அந்தக் கேள்வியைத்தான்.