வாசகன் இல்லாத எழுத்து

வேலையை விட்டு வந்த அன்று என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட பொருள்கள் இரண்டு. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அடையாள அட்டை ஒன்று; அவர்கள் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் மற்றது. 1989-ல் சேர்ந்தேன், 2019-ல் வெளியே வந்தேன். இந்த முப்பது வருஷங்களில் நான் எழுதிய வரிகளைத் தாளில் அச்சிட்டால் என் புத்தக அலமாரி கொள்ளாது. அதில் ஒரு வரிகூட இப்போது என்னிடம் இல்லை; இருந்தால் அது திருட்டு. சேர்ந்த நாளில் கையெழுத்திட்டுக் கொடுத்த காகிதம் அப்படித்தான் சொல்கிறது. அதில் எனக்கு ஏமாற்றம் என்று சொல்ல முடியாது. சம்பளம் வாங்கினேன், வீடு கட்டினேன், இந்தப் பத்திரிகைக்குச் சந்தாவும் அந்தப் பணத்தில்தான் கட்டினேன்.

இதை எழுத நேர்ந்தது கவிதை எழுதும் ஒரு நண்பரால். "அங்கே நீங்கள் செய்ததை எழுத்து என்று எப்படிச் சொல்கிறீர்கள்? மெஷினுக்கு இடுகிற கட்டளைதானே அது?" என்று கேட்டார். அப்போது சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்லிப் பார்க்கிறேன்.

மெஷினுக்கு ருசி கிடையாது. நன்றாக எழுதியதையும் கோணலாக எழுதியதையும் அது ஒரே மாதிரி விழுங்கிவிடும். ஐந்து வருஷம் கழித்து அந்த வரிகளைத் திருத்த வேண்டிய நிர்ப்பந்தத்தோடு ஒரு மனிதன் வந்து உட்காருகிறானே, அவன்தான் வாசகன். முன்னவன் என்ன நினைத்து இப்படி எழுதினான் என்று அவன் தவிக்கிற தவிப்பு, கடினமான ஒரு கவிதையின் முன் உட்கார்ந்திருப்பவனின் தவிப்புக்கு அதிக தூரத்தில் இல்லை. டொனால்ட் க்னூத் 1984-லேயே இதை ஒரு கொள்கையாகச் சொன்னார்: புரோகிராம் முதலில் மனிதர் படித்துப் புரிந்துகொள்வதற்காக எழுதப்பட வேண்டும். சொன்னதோடு நிற்கவில்லை. டெக்ஸ் என்ற தம் அச்சுக்கோப்புப் புரோகிராமின் மூல வரிகள் முழுவதையும் விளக்கங்களோடு 1986-ல் புத்தகமாகவே வெளியிட்டார். விலை கொடுத்து வாங்கி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிக்கலாம்.

ஆனால் நான் இருந்த தொழில் இந்த எழுத்தைப் பூட்டி வைத்துப் பிழைக்கும் தொழில். பூட்டியதற்கும் பூட்டாததற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்குக் கற்பித்தவை இரண்டு விளையாட்டுகள்.

வில் க்ரௌதர் அமெரிக்காவில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தவர். ஓய்வு நாள்களில் குகைகளுக்குள் இறங்கி வரைபடம் எடுப்பவர். மணமுறிவுக்குப் பிறகு, தம் இரண்டு பெண் குழந்தைகளுக்காக 1975-76 வாக்கில் ஃபோர்ட்ரானில் ஒரு விளையாட்டு எழுதினார். படம் கிடையாது, வெறும் வாக்கியங்கள். எங்கே நிற்கிறாய் என்று திரை சொல்லும். எந்தப் பக்கம் போவது என்று நாம் தட்ட வேண்டும். குகை கற்பனையல்ல, கென்டக்கியின் மாமத் குகைத் தொகுதியில் அவர் அறிந்திருந்த பகுதி. ஸ்டான்ஃபோர்டில் டான் வுட்ஸ் என்ற மாணவர் கையில் அது அகப்பட்டது. பிழைகள் இருந்தன, மேலே எழுதவும் ஆசை. ஆர்ப்பாநெட்டில் அன்று இருந்த கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றுக்கும் 'க்ரௌதர்' என்ற பெயரிட்டுக் கடிதம் அனுப்பினார். பதில் வந்தது, மூல வரிகளும் வந்தன. 1977-ல் வுட்ஸ் விரித்தெழுதிய வடிவம் கைக்குக் கை மாறி எங்கெங்கோ போயிற்று. க்ரௌதரின் முதல் வடிவம் தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2005-ல் அது கிடைத்தது, ஸ்டான்ஃபோர்டில் வுட்ஸின் பழைய கணக்கைப் பிரதியெடுத்து வைத்திருந்த சேமிப்பில். காப்பாற்றியது, வாசகன் தனக்கென்று எடுத்துவைத்த பிரதி.

இதே விளையாட்டை ஆடிப் பார்த்த வாரன் ராபினெட், அட்டாரியில் சம்பளத்துக்கு இருந்தவர். அதைப் படங்களாக மாற்ற முடியும் என்று நினைத்தார். வேண்டாம் என்றார் மேலதிகாரி. இருந்தும் எழுதி முடித்தார். 4 கிலோபைட் கார்ட்ரிட்ஜ், 128 பைட் நினைவு: இந்தச் சிமிழுக்குள் கோட்டைகள், பறவைநாகங்கள், ஒரு வௌவால் எல்லாம் அடங்கின. ஆனால் அட்டாரியின் பெட்டிகளில் எழுதியவன் பெயர் போடும் வழக்கம் இல்லை. ராபினெட் யாரிடமும் சொல்லாமல் விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை வைத்தார். கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்து, சரியான இடத்துக்குக் கொண்டு போனால், சுவரைக் கடந்து உள்ளே போகலாம். அங்கே அவர் பெயர் நிறம் மாறி மாறி மின்னும். 1979-ல் அவர் வேலையை விட்டுப் போனார். மறு வருஷம் ஒரு சிறுவன் அந்த அறையைக் கண்டுபிடித்து அட்டாரிக்கே கடிதம் எழுதிய பிறகுதான் அவர்களுக்கு விஷயம் தெரிந்தது.

நம்மில் பலருக்கு இது ஒரு குறும்பாகத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் சிருஷ்டிக்குள் தானே திருடனைப் போல நுழைந்து பெயரை எழுதிவிட்டு வர வேண்டியிருந்தது ஒருவனுக்கு.

அதே 1979-ல் அட்டாரியிலிருந்து வெளியேறிய நான்கு பேர் ஆக்டிவிஷனைத் தொடங்கினார்கள். கார்ட்ரிட்ஜைப் பொருத்துகிற தொழிலாளியைவிட நீங்கள் எந்த விதத்திலும் முக்கியமில்லை என்று அட்டாரியின் தலைவர் தங்களிடம் சொன்னதாக, அவர்களில் ஒருவரான டேவிட் கிரேன் பிற்பாடு கூறியிருக்கிறார். (அந்த ஒப்புமையில் அவமதிக்கப்பட்டவர்கள் இரு தரப்பினரும் என்பதை யாரும் கவனிப்பதில்லை.) ஆக்டிவிஷன் எழுதியவர் பெயரை வெளியே போட்டது. அந்தப் பெயர் கொண்ட ஸ்தாபனத்தை 2023-ல் மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய 6,900 கோடி டாலருக்கு வாங்கிற்று. பெயர் போட்டுக்கொள்ளும் உரிமையிலிருந்து அங்கே போய்ச் சேர நாற்பத்து நான்கு வருஷம்.

என் விஷயத்துக்கு வருகிறேன்.

2004 ஜனவரி. நாங்கள் ஒரு வெளிநாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். தேதிகளைக் கையாள, யாரும் எடுத்து உபயோகிக்கலாம் என்று திறந்து வைக்கப்பட்டிருந்த ஒரு சிறு லைப்ரரியைச் சேர்த்திருந்தோம். முந்தின மாதம் 29, 30, 31 ஆகிய மூன்று நாள்களில் முடிய வேண்டிய பாலிசிகள் எல்லாம் 2004-ல் முடிவதாக அச்சாகியிருந்தன. இரண்டு இரவுகள் உட்கார்ந்தேன். நாள்காட்டியின் வருஷம் வர வேண்டிய இடத்தில் வாரக்கணக்கின் வருஷத்தைப் போட்டிருந்தார்கள். திங்களில் தொடங்கும் ஒரு வாரத்தின் வியாழக்கிழமை ஜனவரியில் விழுந்தால், அந்த வாரம் முழுவதும் புது வருஷத்தின் முதல் வாரம். அதனால் இந்தப் பிழை எல்லா வருஷங்களிலும் தலை காட்டாது. பதினோரு வரிகளில் திருத்தினேன்.

அதை எழுதியவர்களுக்குத் திருத்தத்தை அனுப்பலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு ஸார்? க்ளையண்ட் காசு கொடுத்த நேரத்துல எழுதினது. லீகல்ல கேக்கணும்" என்றார். கேட்டாரா, தெரியாது. நானும் அப்புறம் கேட்கவில்லை. வீட்டிலிருந்து வேறு பெயரில் அனுப்பியிருக்கலாம். ராபினெட்டின் துணிச்சலில் நூறில் ஒரு பங்கு போதும். அதுவும் இல்லை. அந்த வருஷம் சம்பள உயர்வு வரவேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து, முகம் தெரியாத யாரோ அதே பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தி, காரணத்தை என்னைவிடத் தெளிவாக எழுதி வெளியிட்டிருந்தார். என் பெயர் அங்கே இல்லையே என்று முதலில் உறுத்தியது வாஸ்தவம். அது ஒரு வாரத்தில் போய்விட்டது. போகாமல் இருப்பது வேறு: அந்த இரண்டு வருஷங்களில் எத்தனை பேர் என்னைப் போல இரவுகள் உட்கார்ந்திருப்பார்கள்? பதில் என் மேஜையில் இருந்தது. இலவசமாக ஒருவர் எழுதியதை எடுத்து விற்றோம். அதில் கண்ட பிழையைக்கூட அவரிடம் சொல்லவில்லை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த இயக்கம், வாசிக்கவும் திருத்தவும் பகிரவும் உள்ள சுதந்திரம் பற்றியது. நாங்கள் அதில் விலை இல்லை என்ற ஒன்றை மட்டுமே எடுத்துக்கொண்டோம்.

இதனாலேயே, திறந்து வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களோடும் என்னால் சேர முடியவில்லை. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், கம்ப்யூட்டர் ஆர்வலர்களைக் கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: எல்லோரும் பிரதியெடுத்துக்கொண்டால் எழுதுகிறவனுக்கு யார் கூலி கொடுப்பது? தொனி எனக்குப் பிடிக்காது, கேள்வி நியாயமானது. அவருடைய கம்பெனியே 2018-ல் திறந்த எழுத்துகள் குவிந்திருக்கும் கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. 2024 மார்ச்சில் அது வேறு ரூபத்தில் வந்து நின்றது. உலகமெங்கும் லினக்ஸ் மெஷின்களில் இருக்கும் எக்ஸ்-இஸட் என்ற சுருக்கும் கருவியைப் பல வருஷங்களாக ஒருவரே ஊதியமில்லாமல் பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்தார். உதவுகிறேன் என்று வந்த ஒரு புனைபெயர், வருஷக்கணக்கில் பொறுமையாக அவர் நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு, உள்ளே ஒரு கள்ளக்கதவை வைத்தது. வைத்த இடம் கவனிக்கத்தக்கது. சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், மனிதர் படிக்க முடியாத பைட்டுகளாக. அவற்றை இயக்கிவிடும் வரியோ, விநியோகத்துக்குக் கட்டிய மூட்டையில் மட்டும். எல்லோரும் பார்க்கலாம் என்பதால் யாரோ பார்த்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆந்த்ரேஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தம் மெஷினுக்குள் நுழைய அரை விநாடி அதிகமாகிறதே என்று விடாமல் தோண்டியதில் அது வெளிப்பட்டது. திறந்திருப்பதும் வாசிக்கப்படுவதும் வேறு வேறு. முந்நூறு பிரதி அச்சிட்டுக் கட்டுப் பிரிக்காமல் பரணில் வைத்திருக்கும் நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இருந்தும், பூட்டியதற்கு அந்த வாய்ப்புகூடக் கிடையாது. டூம் விளையாட்டின் மூல வரிகளை ஜான் கார்மாக் 1997-ல் வெளியிட்டார். படங்களையும் ஒலிகளையும் கொடுக்கவில்லை, அவை வியாபாரத்துக்கு. ஆனாலும் அந்த வரிகளைப் படித்தவர்கள் இன்றைக்கும் அதை ஏதேதோ மெஷின்களில் ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2014-ல் யூபிஸாஃப்ட் விற்ற தி க்ரூ என்ற விளையாட்டோ, 2024 மார்ச் 31-ல் அவர்கள் தங்கள் சர்வர்களை நிறுத்தியதும், தனியாக ஆடுவதற்குக்கூட வழியில்லாமல் நின்றுபோயிற்று. காசு கொடுத்தவர்கள் கையில் வெறும் தட்டு. பத்து வருஷத்தில் இறந்துபோக வேண்டும் என்று எந்தச் சிருஷ்டிக்கும் விதியில்லை. அதை வைத்திருந்தவர்கள் விதித்தார்கள்.

போன வருஷம், ஓய்வில் இருக்கும் தைரியத்தில், அந்தப் பழைய தேதி லைப்ரரியை எடுத்துப் படித்தேன். வேறொரு மூலையில் ஒரு சிறு தவறு இருந்தது. மூன்று வரிகள் எழுதி, என் சொந்தப் பெயரில் அனுப்பினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை. இரண்டாவது வரி சரி, மூன்றாவது வரி எதற்கு, அது இல்லாமலே நடக்குமே என்று கேட்டிருந்தார். உட்கார்ந்து பார்த்தேன். வேண்டியதில்லைதான். எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன்.