முகவரியில்லாத அடுப்பு

திருகோணமலை டச்பே கடற்கரையிலிருந்து நிலாவெளி வரை ஏறத்தாழப் பதினைந்து கிலோமீற்றர். கொத்தும் இறால் வடையும் விற்கும் வண்டியொன்று இந்தத் தூரத்தை அரை மணிநேரத்தில் ஓடிவிடும். அதற்குள் மூன்று உள்ளூராட்சி சபைகளின் எல்லைகளைத் தாண்டிவிடுகிறது. நகரத்தில் அண்மையில் தரமுயர்ந்த மாநகர சபை, உப்புவெளியில் பட்டினமும் சூழலும் பிரதேச சபை, நிலாவெளியில் குச்சவெளிப் பிரதேச சபை. ஒன்றில் பெற்ற வியாபார அனுமதிப்பத்திரம் அடுத்ததில் செல்லாது. வண்டி நிற்கும் மண்ணுக்கோ வேறு சொந்தக்காரர்கள். துறைமுகப் பக்கம் போனால் துறைமுக அதிகார சபையும் கடற்படையும், பிரட்றிக் கோட்டை வாசலில் இராணுவமும் தொல்பொருள் திணைக்களமும், பிரதான வீதியோரத்தில் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் பொலிசும், மணலில் இறங்கினால் கரையோரம் பேணல் திணைக்களமும் இருக்கின்றன. இத்தனை பேரிடம் அலைவதுதான் எங்கள் தொழிலின் பெரிய துன்பம் என்று வண்டிக்காரர்கள் சொல்வதுண்டு. துன்பம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பாரதூரமான குறையொன்று இந்த அனுமதி முறைக்குள் இருக்கிறது. எல்லோரும் முதலில் கேட்பது வண்டி எங்கே நிற்கும் என்பதைத்தான். அந்தச் சாப்பாடு எங்கே சமைக்கப்படுகிறது என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது, சில வேளைகளில் வருவதேயில்லை.

இதற்குக் காரணம் அதிகாரிகளின் அலட்சியம் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தின் கட்டமைப்பே அப்படி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரக் கட்டணம் தொழில் நடக்கும் இடத்தின் வருடாந்தப் பெறுமதியை வைத்தே கணிக்கப்படுகிறது. பெறுமதி 750 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 500 ரூபாய், 1,500 வரை 750 ரூபாய், அதற்கு மேல் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி அறிவித்தல்களில் வருடந்தோறும் பார்க்கிறோம். வீட்டுக்கும் கடைக்கும் வருடாந்தப் பெறுமதி உண்டு, வண்டிக்கு ஏது? நடமாடும் வியாபாரிகளுக்கென்று துணை விதிகள் இல்லாமல் இல்லை. ஆனால் அவை மனத்தில் வைத்திருப்பது சைக்கிளில் மீன் கொண்டுவருபவரையும் பெட்டி சுமந்து பலகாரம் விற்பவரையும். எரிவாயு அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, குளிர்ப்பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு மூன்று சபைகளை ஊடறுத்து ஓடும் ஒரு முழுச் சமையலறையை அவை எதிர்பார்க்கவில்லை. வண்டியின் உடலை மாற்றியமைக்க மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், சரிதான். ஆனால் அந்தத் திணைக்களம் பார்ப்பது வாகனத்தை, அடுப்பை அல்ல.

கொத்து வண்டியின் வேலை நண்பகலிலேயே தொடங்கிவிடும். மாவைப் பிசைந்து உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறவிட வேண்டும், லீக்ஸும் கரட்டும் அரிய வேண்டும், கோழிக்கறியைக் காய்ச்சி இறக்க வேண்டும், இறாலையும் கணவாயையும் கழுவி ஐஸில் போட வேண்டும். இவ்வளவும் நடப்பது வீட்டுக் குசினியிலோ பின்வளவுக் கொட்டிலிலோதான். வண்டியில் நடப்பது கடைசிப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தின் நெருப்பு பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் அல்ல. பெரிய சட்டியில் மூடிவைத்த கறியின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 60 பாகைக்கும் 5 பாகைக்கும் இடைப்பட்ட அந்தச் சூட்டில்தான் கிருமிகள் பெருகுகின்றன. ஃப்ரைட் ரைஸுக்கென்று மதியமே வடித்து வெளியில் வைத்த சோறு இன்னும் மோசம். பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்பவை. சோறு மெல்ல ஆறும்போது அவை முளைத்து நஞ்சைச் சுரந்துவிட்டால், பிறகு எவ்வளவு பெரிய நெருப்பில் வதக்கினாலும் வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு அழியாது. அகலமான தட்டங்களில் மெல்லியதாகப் பரப்பி, விரைவாக ஆற்றி, குளிரூட்டியில் வைப்பதுதான் ஒரே வழி. அது செய்யப்படுகிறதா இல்லையா என்பதை டச்பேயில் நின்று வண்டியைச் சோதிப்பவரால் அறிய முடியாது. தட்டுக்கு வரும் கொத்து ஆவி பறக்கச் சுத்தமாகத்தான் தெரியும்.

வண்டிக்குள் பார்க்க வேண்டியவையும் உண்டு. அவை முன்பக்கத்துக் கண்ணாடியிலும் பெயர்ப்பலகையிலும் இல்லை. முதலாவது தண்ணீர். சமையலுக்குச் செலவாவதைவிடக் கை கழுவவே கூடுதலாகப் போகும். தாங்கி வற்றத் தொடங்கினால் முதலில் நிற்பதும் கை கழுவுவதுதான், காசை வாங்கிய கையே அடுத்த ரொட்டியைத் தொடும். அடுத்தது எரிவாயு. அது காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் வண்டித் தளத்தில் தேங்கி நிற்கும். கூரையில் விசிறி பூட்டியிருப்பதால் பயனில்லை, சிலிண்டர் வைக்கும் தட்டின் அடியில் துவாரம் வேண்டும். உப்புக் காற்றில் நிற்கும் வண்டியில் ரெகுலேற்றரும் இறப்பர்க் குழாயின் கவ்விகளும் வீட்டிலிருப்பவற்றைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். 2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நாடெங்கும் எரிவாயு விபத்துகள் நடந்தபோது புரொப்பேன், பியூட்டேன் விகிதம் பற்றி எல்லோரும் பேசினோம். குழாயின் வயதையும் கவ்வியின் துருவையும் யார், எத்தனை மாதத்துக்கொருமுறை பார்ப்பது என்பது அந்தப் பேச்சோடு அமுங்கிப்போயிற்று.

ஓடுகிற ஒன்றை எப்படிச் சோதிப்பது, இன்றைக்கு இங்கே, நாளைக்கு எங்கேயோ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. வெசாக் காலத்தில் தன்சல் போடுபவர்கள் முன்கூட்டியே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பதிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தண்ணீரையும் சமைப்பவர்களையும் பார்க்கிறார். தன்சலுக்குச் சோலைவரி இலக்கம் கிடையாது, வருடாந்தப் பெறுமதியும் கிடையாது. இருந்தும் ஆயிரக்கணக்கானோர் உண்ணும் சாப்பாட்டை ஒழுங்குக்குள் கொண்டுவர முடிகிறது, ஏனென்றால் அங்கே கேட்கப்படுவது யார் சமைக்கிறார்கள், எங்கே, எப்போது என்பதே. சூன் பாண் முச்சக்கரவண்டியின் கதையும் இதுதான். பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஒழுங்கைதோறும் அது திரிவதில் யாருக்கும் சுகாதாரப் பயம் பெரிதாக இல்லை, பாண் வெந்த பேக்கரிக்கு முகவரி உண்டு என்பதால். உணவு வண்டிக்கும் ஒரு தாய்ச் சமையலறையைப் பதிவுசெய்யலாம். பரிசோதகர்கள் கடைகளுக்கு ஏ, பி, சி, டி என்று தரமிடும் எச் 800 படிவத்தை அந்தச் சமையலறைக்கும் பயன்படுத்தி, கிடைத்த தரத்தை வண்டியின் நெற்றியில் ஒட்டச் சொல்லலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டம் 2010இல் உணவு வண்டிகளுக்கும் இந்த எழுத்துத் தரத்தை விரித்தது. அங்கே ஒவ்வொரு வண்டியும் அங்கீகரிக்கப்பட்ட தளமொன்றுக்குத் திரும்பிப் போய்த்தான் கழுவவும் நிரப்பவும் வேண்டும்.

கடைக்காரர்களின் எதிர்ப்பைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. மத்திய வீதியில் வாடகையும் சோலைவரியும் மின்கட்டணமும் கட்டி இருப்பவரின் வாசலில் வண்டி வந்து நின்றால் அவர் வயிறெரிவது இயல்பு. வண்டிக்காரர்களிடமும் பிழை உண்டு. சக்கரத்தைக் கழற்றிக் கல்லில் ஏற்றி, முன்னால் தகரப் பந்தல் இழுத்து, கீழே சீமெந்தும் பூசிவிட்டால் அது வண்டியல்ல, வாடகை கொடுக்காத கடை. கடற்கரையில் இதற்கு எல்லையும் வரையப்பட்டிருக்கிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்கிறது. அதற்குள் நிலத்தின் தன்மையை மாற்றும் கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும். இரவோடு இரவாக உருண்டு போகும் வண்டிக்கு அந்தச் சட்டத்தோடு சண்டையில்லை. ஆகவே இடத்தைச் சொந்தமாக அல்ல, நேரமாகக் கொடுங்கள்: மாலை ஐந்திலிருந்து இரவு பதினொன்று வரை, பிறகு இடம் வெறுமையாக வேண்டும். இடத்தைக் குறிக்கும்போது காற்றையும் கேட்க வேண்டும். சீசன் மாதங்களில் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வண்டியின் சாளரம் வீதியைப் பார்த்தபடி நிற்குமாறு கோடு போட்டால் வீதிப் புழுதி முழுவதும் கொத்துக் கல்லின் மேல்தான் விழும்.

எண்ணிக்கைக்கு வரம்பு போடுங்கள் என்பவர்களுக்கு நியூயோர்க் பாடம். அங்கே 1983இல் உணவு வண்டி அனுமதிகளுக்கு விதித்த வரம்பு, அனுமதியைக் கள்ளச் சந்தையில் வாடகைக்கு விடும் ஒரு கூட்டத்தை உண்டாக்கியது. உழைப்பவர் ஒருவர், பத்திரத்துக்குச் சொந்தக்காரர் வேறொருவர். 2021இல் சட்டத்தைத் திருத்தி, ஆண்டுக்கு 445 புதிய உரிமங்களை, அவற்றை வைத்திருப்பவர் தானே வண்டியில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். இந்தியாவின் 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் நகர விற்பனைக் குழுவில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்றது. நடைமுறையில் பல ஊர்களில் அது தடுமாறினாலும், கோட்டைப் போடும் மேசையில் அடுப்படி தெரிந்தவரும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் சரியானது.

குப்பை விடயத்தில் கடுமையான விதி வேண்டும், இதில் நான் வண்டிக்காரர்கள் பக்கம் பேசமாட்டேன். கோட்டையைச் சுற்றியும் நகரத்துக்குள்ளும் திரியும் புள்ளிமான்கள் குழம்பு ஒட்டிய பொலித்தீனைத் தின்று செத்திருக்கின்றன. லஞ்ச் ஷீற்றும் ரெஜிபோம் பெட்டியும் 2017 செப்ரெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. வண்டியைச் சுற்றி விழுந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகாதவரின் அனுமதியை நிறுத்துவது நியாயம்.

மூன்று சபைகளுக்கும் ஒரே அனுமதி என்பது நடக்காத காரியமுமல்ல. உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய அதிகாரம். கிழக்கு மாகாண உள்ளூராட்சி ஆணையாளரின் அலுவலகம் இருப்பதும் இதே ஊரில்தான். தாய்ச் சமையலறை எந்தச் சபைக்குள் இருக்கிறதோ அந்தச் சபை சோதித்துத் தரமிட, மற்ற இரண்டும் அதை ஏற்று இடத்துக்கும் நேரத்துக்குமான கட்டணத்தை மட்டும் வாங்கினால் போதும். அனுமதி ஆண்டையும் சற்று நகர்த்தலாம். இப்போது ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் வாடைக் காற்றும் மழையும், கடற்கரையில் ஆளிருக்காது, கட்டணத்துக்குக் கடன்தான் வாங்க வேண்டும். பரிசோதனையை மார்ச்சில் முடித்து ஏப்ரலிலிருந்து செல்லும்படி பத்திரம் கொடுத்தால், உல்லாசப் பயணிகள் வந்திறங்கும் வேளையில் தண்ணீர்த் தாங்கியும் எரிவாயுக் குழாயும் புதிதாகச் சோதிக்கப்பட்டிருக்கும், காசு கட்டுபவரின் கையிலும் காசிருக்கும்.